மூணு தடவை ஜிம்முக்குப் பணம் கட்டிய திருப்பூர் அம்மாவுக்கு

கேட்டவர் திருப்பூர்க்காரர். வயது 36. ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். மகள் நாலாம் வகுப்பு, மகன் எல்.கே.ஜி. கணவர் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். வீட்டில் மாமியாரும் இருக்கிறார். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் இரவு பத்தரைக்குத்தான் முதுகு பாயில் படுகிறதாம். மூன்று தடவை ஜிம்மில் சேர்ந்து, ஒரு தடவைகூட இரண்டு மாதம் தாண்டவில்லை. முதல் தடவை மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. இரண்டாவது தடவை ஷிப்மெண்ட் நெருக்கடி. மூன்றாவது தடவை நாத்தனார் மகளுக்குச் சீர். "எனக்கு மோட்டிவேஷனே நிக்க மாட்டேங்குதுங்க்கா. உங்களுக்கெல்லாம் எப்படி வருது?" என்று கேட்டிருந்தார். கடைசியில் போகிற போக்கில் இன்னொரு கேள்வி: "ஷூ வாங்கலாமா, இல்ல அதுவும் பீரோவுக்குள்ளதான் போகுமா?"

எனக்கும் வருவதில்லைங்க. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் பதினெட்டு வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். முழங்கால், இடுப்பு, கழுத்து என்று ஒரு நாளைக்குப் பதினைந்து பேருக்காவது பயிற்சி சொல்லிக் கொடுக்கிறேன். அப்படிப்பட்ட நான், இரண்டாவது பையன் பிறந்த பிறகு பதினொரு மாதம் கையைக் காலை நீட்டி மடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மெஷினுக்குள் கையை விட்டு, ஈரத்தில் முறுக்கிக் கிடந்த சென்னிமலைப் போர்வையை இழுத்தேன். இடுப்பில் சுளீரென்று பிடித்தது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பெரியவன் ஓடி வந்து, "போர்வை வரலையாம்மா?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு முனையைப் பிடித்து இழுத்தான் பாருங்கள்! நாலு நாள் படுக்கை. பார்க்க வந்த எதிர்வீட்டு அத்தை, "ஏங்கண்ணு, ஊருக்கெல்லாம் இடுப்பு பாக்கற, உன்ற இடுப்ப ஆரு பாக்கறது?" என்றார்.

அதற்குப் பிறகும் நான் எத்தனையோ தடவை விட்டிருக்கிறேன். ஆனால் பதினொரு மாதம் விட்டதில்லை. அதிகபட்சம் மூன்று வாரம். உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது அந்த ஒரு விஷயம்தான்.

நீங்கள் விட்ட மூன்று தடவையையும் எடுத்துப் பாருங்கள். அம்மை, ஷிப்மெண்ட், சீர். இதில் எங்கே ஆர்வம் குறைந்தது? அம்மை போட்ட பிள்ளையை விட்டுவிட்டு டிரெட்மில்லில் ஓடினால்தான் தப்பு. விட்டதில் குற்றமே இல்லை. அம்மைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அடுத்த திங்கட்கிழமை ஜிம்முக்குப் போகவில்லை பாருங்கள், அங்கேதான் அறுந்தது. "அதான் விட்டாச்சே, இனி அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி புதுசா ஆரம்பிக்கலாம்" என்று மனசு சொல்லும். அந்த ஒண்ணாம் தேதி வராது. வந்தாலும் அன்றைக்கு அமாவாசையாக இருக்கும், தலைக்குக் குளித்து விரதச் சமையல் இருக்கும்.

லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் 96 பேரை வைத்து, ஒரு பழக்கம் ஊற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். 2009இல் வெளிவந்த ஆய்வு. 21 நாள் செய்தால் பழகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது அதில் நிற்கவில்லை. நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளில் ஊறியது, சிலருக்கு 254 நாள் வரை இழுக்கும் என்று கணக்கு வந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் ஊறுவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. உடம்பும் அப்படித்தான். பழகிய தசைபலம் இரண்டு மூன்று வாரத்தில் ஓடிப்போய்விடாது. மூச்சுத் திராணி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், ஆனால் முதல் தடவை ஏறியதைவிட வேகமாகத் திரும்ப ஏறிவிடும். நீங்கள் கட்டிய அந்த மூன்று ஜிம் பணமும் முழுசாக வீண் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, விடாமல் இருப்பது எப்படி என்று யோசிக்காதீர்கள். கொங்கு நாட்டில் குடும்பம் நடத்துகிற பெண் விடாமல் செய்யவே முடியாது. வருடத்தை எண்ணிப் பாருங்கள். தை பிறந்தால் மாட்டுப் பொங்கல், பூப்பறிக்கும் நோம்பி, தைப்பூசம். மாசி, பங்குனியில் மாரியம்மனுக்கு நோம்பி சாட்டிவிடுவார்கள், அதாவது திருவிழாவுக்கு நாள் குறித்து ஊருக்கு அறிவித்துவிடுவார்கள். கம்பத்துக்குத் தண்ணி ஊற்றப் போக வேண்டும், மாவிளக்கு எடுக்க வேண்டும். அப்புறம் பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை. சித்திரை, வைகாசியில் கல்யாணம், காதுகுத்து, சீர், விடுமுறைக்கு வந்திறங்கும் சொந்தக்காரப் பிள்ளைகள். ஐப்பசியில் தீபாவளி, திருப்பூரில் தீபாவளிக்கு முந்தைய மாதம் எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு நடுவே பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றிச் சளி.

கல்யாணம், காதுகுத்து இல்லாமல் மிஞ்சுவது ஆடியும் மார்கழியும். நல்ல காரியம் எதையும் தொடங்காத இரண்டு மாதம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். எனக்கென்னவோ உடம்பைக் கவனிக்கத் தோதான மாதங்கள் அவைதான் என்று தோன்றுகிறது. பத்திரிகை வராது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காத்து, சாயங்காலம் மாடியில் நடந்தால் முந்தானையைப் பிடித்து இழுக்கும், வேர்வையே தெரியாது. மார்கழியில் எப்படியும் விடிகாலை எழுந்து கோலம் போடுகிறோம். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் இந்த இரண்டு மாதத்தைத்தான் சொல்வது. ஆடியில் ஆரம்பிக்கச் சொல்கிறாயே என்று என் மாமியார் வைவார். வையட்டும்.

மற்ற மாதங்களில் அறுந்து அறுந்துதான் போகும். அதனால் ஆரம்பிக்கும்போதே இரண்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நல்ல நாளின் அளவு, இன்னொன்று நெருக்கடி நாளின் அளவு. நெருக்கடி அளவு எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்றால், ஷிப்மெண்ட் அன்றைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு வீடு திரும்பினாலும் வெட்கப்படாமல் செய்கிற மாதிரி. எனக்கு அது, நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து தடவை உட்கார்ந்து எழுவது. அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகாது. அதனால் உடம்பு இறங்கிவிடுமா என்று கேட்காதீர்கள், இறங்காது. "நான் இதைச் செய்கிற ஆள்" என்கிற கணக்கு மூடாமல் இருக்கும். பேங்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்கிறோமே, அதுமாதிரி. இன்னொன்று, விட்ட நாளுக்குச் சேர்த்து மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். செய்தால் மூன்றாம் நாள் தொடை பிடித்துக்கொண்டு, திரும்பவும் விட்டுப்போகும். விட்டது விட்டதுதான்.

இனி மாமியார், கணவர், வீடு. இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களைப் பாருங்கள். திருப்பூரில் இருந்து தாராபுரம் வழியாகக் கிட்டத்தட்ட எண்பது கிலோமீட்டர். "ஒரு கிலோமீட்டர் நடந்தா முட்டி வலிக்குதுங்க" என்று என்னிடம் வருகிற அதே பெண்கள், பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாக நடந்துவிட்டு வருகிறார்கள். கொப்புளத்தோடுதான் வருகிறார்கள், ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர்களுக்கு எங்கே இருந்து மோட்டிவேஷன் வந்தது? தேதி குறித்தாகிவிட்டது. கூட நடக்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள். வழியெல்லாம் மோரும் டீயும் கொடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, "பிள்ளைகளை விட்டுட்டு எங்க கிளம்பற?" என்று வீட்டில் ஒருத்தரும் கேட்பதில்லை. மாமியாரே சமையல் பார்க்கிறார், கணவர் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புகிறார். சாமிக்கு என்றால் வழி விடுகிற வீடு, உன் இடுப்புக்கு என்றால் விடுவதில்லை. நாமும் கேட்பதில்லை. கேட்கவே கூச்சமாக இருக்கிறது. எனக்கும் இருந்தது.

நான் செய்ததைச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். "போய்ட்டு வரட்டுங்களா?" என்று கேட்பதை நிறுத்தினேன். நோம்பி சாட்டுகிற மாதிரி சாட்டிவிட்டேன்: திங்கள், புதன், வெள்ளி, காலையில் இருபத்தைந்து நிமிடம் நான் வீட்டில் இல்லை. அந்த நேரத்துக்கு இன்ன வேலை இன்னாருடையது. முதல் வாரம் வீட்டுக்காரர் தோசைக்கல்லைக் கருக்கினார். நான் வாயே திறக்கவில்லை. இதுதான் முக்கியம். நாம் திரும்பி வந்து, "இதைக்கூடச் செய்ய மாட்டீங்களா" என்று கல்லைத் தேய்க்க ஆரம்பித்தால், அடுத்த வாரம் அந்த வேலை திரும்ப நம் தலையில்தான். நீங்கள் மெர்ச்சண்டைசர், பையர், ஃபேப்ரிக், டையிங், பிரிண்டிங் எல்லாரிடமும் தேதி வாங்குகிற ஆள். வீட்டில் இரண்டு பேரிடம் வாங்க முடியாதா?

எல்லா வீடும் இப்படி வழி விடாது என்பதும் தெரியும். என்னிடம் வரும் சிலர், வீட்டுக்குத் தெரியாமல் மாடியில் துணி காயப் போடுகிற சாக்கில் நடக்கிறார்கள். அதுவும் நடைதான்.

இன்னொரு விஷயம். மோட்டிவேஷன் இல்லை என்று வருகிற பத்துப் பெண்களில் பாதிப்பேரை நான் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவேன். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேலானவர்களுக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஒன்பதோ பத்தோ இருக்கிற பெண்ணுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அவளிடம் போய் மனஉறுதி பற்றிப் பேசுவது அநியாயம். தைராய்டையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். மாத்திரை டாக்டர் கொடுப்பார். வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: சாப்பாட்டோடு டீயை நிறுத்துவது. இட்லியைத் தின்றுகொண்டே டீ குடிக்கிற பழக்கம் நம் பக்கம் நிறைய. உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை டீ தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிந்துகொண்டால் சேர்வது கூடும்.

அடுத்தது, கேட்டால் ஒழியச் சொல்லாத சங்கதி. தும்மினால், இருமினால், குதித்தால் கொஞ்சம் சிறுநீர் கசிவது. பிரசவத்துக்குப் பிறகு நிறையப் பேருக்கு இருக்கிறது, பிள்ளை எல்.கே.ஜி. போன பிறகும் இருக்கும். சிசேரியன் ஆனவர்களுக்கும் வரும். ஜிம்மில் குதிக்கச் சொன்னதும் நனைந்துவிட்டது, அன்றோடு நின்றவள்தான் என்று ஒருவர் என்னிடம் சொல்லவே ஆறு மாதம் ஆனது. ஊருக்கு அவர் சொன்ன காரணம், "டைம் இல்லீங்க". இதற்குப் பயிற்சி உண்டு. சிறுநீரையும் காற்றையும் அடக்குகிற மாதிரி அடித்தசையை மேலே இழுத்துப் பிடித்து, மெல்ல விட வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். உட்கார்ந்த இடத்தில் செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. மூச்சை அடக்காதீர்கள், சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகாதீர்கள். மூன்று மாதத்தில் குறையவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்கு இது இல்லை என்றால் இந்தப் பத்தியைத் தோழிக்கு அனுப்புங்கள், அவளுக்கு இருக்கும்.

"நாள் முழுக்க வீட்டு வேலை செய்யறமே, அது பத்தாதா?" இதை எல்லாரும் கேட்கிறார்கள். சேந்துகிணற்றில் தண்ணி இறைத்து, ஆட்டுக்கல்லில் மாவாட்டி, உலக்கை பிடித்து, அதற்கு மேலே காட்டில் களையெடுத்த அமுச்சிக்கு, அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, பத்தியிருக்கும். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் பாட்டி நூறு வயது தாண்டியும் காட்டு வேலை பார்த்தார், 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் வேலை அப்படியா? மாவைக் கிரைண்டர் ஆட்டுகிறது. கோயம்புத்தூர் கிரைண்டர் புவிசார் குறியீடு வாங்கிய பொருள், குறை சொல்லக் கூடாது. ஆனால் அது ஆட்டும்போது நாம் பக்கத்தில் நின்று போன் பார்க்கிறோம். இன்றைய வீட்டு வேலை அலுப்பைக் கொடுக்கிறதே தவிர பலத்தைக் கொடுப்பதில்லை. முக்கால்வாசி முன்னால் குனிந்தபடியே செய்கிற வேலை. நெஞ்சு படபடக்கிற அளவுக்குத் தொடர்ந்து பத்து நிமிடம் எதுவும் போகாது. கம்பெனியில் உட்கார்ந்திருக்கிற நேரம் தனி.

எவ்வளவு தேவை என்றால், உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. மிதம் என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றார்கள். 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். நாலு நிமிடமும் கணக்குதான். பிள்ளைக்காரிகளுக்குப் பெரிய விடுதலை இது. பத்தாயிரம் அடி நடந்தால்தான் ஆச்சு என்று போனைப் பார்த்து மருகுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அந்த எண் 1965இல் ஜப்பானில் ஒரு கம்பெனி விற்ற அடி எண்ணும் கருவியின் பெயர், விளம்பரத்துக்கு வைத்தது. அதற்குக் கீழேயும் நல்ல பலன் உண்டு. எட்டு போட்டு நடப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். எட்டில் மந்திரம் ஒன்றும் இல்லை. வாசல் சின்னதாக இருந்தால் நேராக நடக்க முடியாது, எட்டு போடலாம், அவ்வளவே.

இப்போது உங்கள் நாளுக்கு வருகிறேன். பள்ளி வேன் 7:45க்குத் தெருமுனைக்கு வருகிறது, நீங்கள் 8:45க்குக் கிளம்புகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது? வேன் ஏற்றிவிட்டு வீட்டுக்குள் வருகிறீர்கள். சிங்க்கில் பாத்திரம் கிடக்கிறது. கட்டிலில் ஈரத்துண்டு கிடக்கிறது. ஒரு பாத்திரத்தைக் கழுவ எடுத்தால் எட்டைக் கழுவுவீர்கள். மணி எட்டேகால். எனவே ஒரே ஒரு காரியம்: வேன் கிளம்பியதும் வீட்டுக்குள் திரும்பிப் போகாதீர்கள். தெருமுனையில் இருந்து அப்படியே மறுபக்கம் திரும்பி, பத்து நிமிடம் போங்கள், பத்து நிமிடம் வாருங்கள். வீதி நன்றாக விடிந்திருக்கும், ஆள் நடமாட்டம் இருக்கும், ஐந்து மணி இருட்டில் நாய்க்குப் பயந்துகொண்டு நடக்கிற வம்பு இல்லை. வாசல்படி தாண்டினால் வேலை பிடித்துக்கொள்ளும். தாண்டாதவரை யாரும் பிடிக்க முடியாது. வாரத்துக்கு ஐந்து நாள் இப்படிப் போனால் நூறு நிமிடம் தேறிவிடும். மீதி ஐம்பதை மாடிப்படியும் ஞாயிற்றுக்கிழமையும் பார்த்துக்கொள்ளும்.

நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டா நடப்பது என்று கேட்டால், நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் சுடிதாருக்கு மாறிக்கொள்ளலாம்.

தசைப் பயிற்சி வாரம் இரண்டு நாள், பன்னிரண்டு நிமிடம் போதும். அரிசியும் பருப்பும் சாதத்துக்குக் குக்கர் வைத்தால் விசில் வந்து, அடங்கித் திறக்கிறவரை நமக்கு நேரம் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பன்னிரண்டு. சமையல் மேடை விளிம்பைப் பிடித்துச் சாய்ந்து நெஞ்சை மேடைக்குக் கொண்டுபோய்த் திரும்ப வருவது பத்து. ஐந்து கிலோ அரிசிப் பையை, முதுகை வளைக்காமல், பின்பக்கத்தைப் பின்னால் தள்ளி இடுப்பில் மடங்கித் தரையில் இருந்து தூக்கி வைப்பது எட்டு. நான் போர்வையை இப்படி எடுத்திருந்தால் நாலு நாள் மிச்சம். அப்புறம் அந்தப் பையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, ஒரு பக்கம் சாயாமல், ஹாலில் நடப்பது. கையை மாற்றி இன்னொரு நடை. இதையே இரண்டு சுற்று. வலு கூடக் கூடப் பத்துக் கிலோவுக்குப் போங்கள். முப்பது வயதுக்கு மேல் எதுவும் செய்யாமல் இருந்தால் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. மாதவிடாய் நிற்கிற வயதில் எலும்பும் சேர்ந்து இறங்கும். நடை மட்டும் அதைத் தடுத்துவிடாது. பலருக்கு இது தெரியாமல் நடந்துகொண்டே இருக்கிறார்கள். பயிற்சியில் நெஞ்சு அடைத்தாலோ, தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை போடுகிறவர்கள் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

தனியாகச் செய்ய அலுப்பாக இருக்கிறதா? உங்கள் அம்மா ஊரில் வள்ளி கும்மி நடக்கிறதா என்று விசாரியுங்கள். போன வருடம் பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். மாலை ஏழரை மணி, கோயில் வாசலில் ஒரு டியூப்லைட். பத்து வயதுப் பெண்ணில் இருந்து ஐம்பது தாண்டியவர் வரை நாற்பது பேர், காலில் சலங்கை. வாத்தியார் பாட்டு எடுத்துக் கொடுக்க, குனிந்து கொட்டி, நிமிர்ந்து, தாவி, சுற்றி, ஒரு மணி நேரம் நிற்காமல் போனது. என்னிடம் முட்டி வலிக்கு வந்த ஒரு அக்காவும் அதில் இருந்தார். என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி முழித்தார். "உட்கார்ந்து எழச் சொன்னா நாலு நாளுக்கு மேல செய்யலீங்களே?" என்றேன். "அது எக்சர்சைஸ்ங்க, இது ஆட்டமுங்க" என்றார். நான் என்ன சொல்ல? இந்த ஆட்டத்தில் பெண்கள் இப்படி நிறைந்தது பழைய வழக்கம் இல்லை. பெண்களுக்கும் கற்றுக் கொடுத்து அழைத்து வந்த வாத்தியார்களில் ஒருவர், கோவை மாவட்டத்துப் பத்ரப்பன். வள்ளி ஒயில் கும்மிக்காக 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அரங்கேற்றத் தேதி குறித்துவிடுகிறார்கள், ஒரே நிறத்தில் சேலை எடுத்துவிடுகிறார்கள், வராத நாளில் மூன்று பேர் போன் செய்கிறார்கள். பழனி நடையில் இருப்பதெல்லாம் இதிலும் இருக்கிறது. திருப்பூர் டவுனுக்குள்ளும் இப்போது வகுப்புகள் நடக்கின்றன. முழங்கால் ஏற்கனவே தேய்ந்தவர்கள் மட்டும் தாவுகிற அடவைத் தாவாமல் போடுங்கள்.

யோகா பிடிக்கும் என்றால் அதுவும் சரி. கோவையில் நானம்மாள் பாட்டி தொண்ணூற்றெட்டு வயதில் பத்மஸ்ரீ வாங்கினார், கடைசிவரை ஆசனம் போட்டார். அவர் சின்ன வயதில் தொடங்கியவர். அவரோடு நம்மை ஒப்பிட்டு மலைக்க வேண்டாம்.

எடை மெஷினைக் கொஞ்ச நாள் பரணில் போடுங்கள். முதல் ஒரு மாதம் அது அசையாது. பயிற்சியால் மட்டும் எடை பெரிதாக இறங்குவதில்லை, அதற்குச் சாப்பாட்டுப் பக்கம் போக வேண்டும், அது தனிக்கதை. மெஷினைப் பார்த்து மனசு விட்டுத்தான் நிறையப் பேர் நிறுத்துகிறார்கள். வேறு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது விநாடியில் கை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எத்தனை தடவை எழுகிறீர்கள் என்று எண்ணி, காலண்டரில் எழுதுங்கள். அறுபது வயதுப் பெண்ணுக்கே பன்னிரண்டுக்குக் குறைந்தால் கால் வலு போதாது என்போம்; உங்களுக்கு இருபதுக்குப் பக்கம் வர வேண்டும். இடுப்பைச் சுற்றி டேப் பிடியுங்கள், நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. எனக்குப் பிடித்த அளவுகோல் சென்னிமலை முருகன் கோயில் படி. 1320 படி. நான் இரண்டு மாதத்துக்கு ஒரு கிருத்திகை போகிறேன். முதல் தடவை ஏறும்போது பதினொரு இடத்தில் உட்கார்ந்தேன், நடுவில் பஸ்ஸில் போயிருக்கலாமே என்று என்னை நானே வைதுகொண்டேன். இப்போது மூன்று இடம். பெரியவன் ஒவ்வொரு மண்டபத்திலும் எனக்காக நின்று, எத்தனையாவது என்று சத்தமாக எண்ணுகிறான். உங்களுக்கும் பக்கம்தான்.

ஜிம்முக்கு நான் எதிரி இல்லை. போக ஆசை இருந்தால் தெருமுனை நடை மூன்று மாதம் அறுந்து அறுந்தாவது நிலைத்த பிறகு போங்கள். மாதா மாதம் கட்டுங்கள், வருடச் சந்தா வேண்டாம்.

ஷூ வாங்குங்கள். சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு சரியாக வரும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். வருடக்கணக்கில் செருப்பே போட்டுப் பாதம் அகன்றிருக்கும், அதனால் அகலம் பார்த்து எடுங்கள். விலை கூடியதுதான் வேண்டும் என்றில்லை. வாங்கி வந்ததும் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, பீரோவுக்குக் கொண்டுபோகாமல், வாசலில் பிள்ளைகள் ஸ்கூல் ஷூ கழற்றுகிற இடத்தில் வையுங்கள். காலையில் அவர்களுக்கு மாட்டிவிடும்போது நீங்களும் மாட்டிக்கொண்டு வேனுக்குக் கிளம்பலாம்.